கன்னியம்மாவின் ஐந்தாவது வரி

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடங்கள் என்னோடு உட்கார்ந்து சீரியலுக்கு வசனம் எழுதிய பெண். இப்போது தனியாக எழுதுகிறாள். எங்கள் பழைய சீரியலுக்கு மூன்றாம் பாகம் வரப் போகிறதாம். பழைய ஆட்களில் யார் யார் திரும்பி வருகிறார்கள் என்று சேனலில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், படித்துக் காட்டட்டுமா சார் என்று கேட்டாள்.

படிக்கச் சொன்னேன். மலையுச்சியிலிருந்து விழுந்த மூத்த மாப்பிள்ளை வருகிறார். தீ விபத்தில் போன சித்தி வருகிறார், முகம் மாறி, அதாவது வேறு நடிகை. நாங்களே கொள்ளி வைத்து மூன்று எபிசோடு ஒப்பாரி பாடி அனுப்பிய பெரியப்பா கூட வருகிறார். அவருக்கு இத்தனை நாள் யாருக்கும் தெரியாத இரட்டைத் தம்பி ஒருவர் இருந்தாராம். கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு பால்கனியில் நின்றபடி ஒவ்வொரு பெயருக்கும் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த காபி ஆறிப்போயிருந்தது. நான் காத்திருந்தது ஒரே ஒரு பெயருக்குத்தான்.

பட்டியல் முடிந்துவிட்டது. கன்னியம்மா அதில் இல்லையா என்று கேட்டேன். இல்லை சார் என்றாள் நிவேதா. அவளையும் கூட்டி வரலாமா என்று ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார்களாம். எதற்காகக் கூட்டி வருவது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லையாம், விட்டுவிட்டார்கள்.

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நிவேதாவுக்கு அது புரியவில்லை. முதல் பாகத்தில் தங்கமாக இருக்கிறவர்கள் அடுத்தடுத்த பாகத்தில் ஏன் சார் இப்படிக் கெட்டுப் போகிறார்கள், எழுதுகிறவர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிடுகிறதா, இதைப் பற்றி எங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்களேன் என்றாள். அவள் கேட்டதற்காகத்தான் இது. சரக்கு எப்போதும் தீர்வதில்லை அம்மா. நடப்பது வேறு. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அவளைக் கெடுக்க ஆரம்பித்ததே நான்தான்.

என் ஆரம்ப காலத்தை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தினேன். பிறகு ஒரு நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோன நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஒரு சீரியல் கம்பெனியில் சீன் பேப்பர் பிரதி எடுக்க வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் வசனம் எழுதுகிறவர் வரவில்லை, பிரதி எடுக்கிறவனையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அப்படியே இருபத்தெட்டு வருடம் ஓடிப்போயிற்று.

எங்கள் சீரியலுக்குக் கதை இலாகாத் தலைவராக இருந்தவர் தேவராஜன் சார். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. காலையில் ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு வருவார், யாராவது முட்டாள்தனமாக ஏதாவது சொன்னால் ஒரு வாய் வெந்நீர் குடிப்பார். ஒரு நாளில் அந்த ஃபிளாஸ்க் எத்தனை முறை நிரப்பப்படுகிறது என்பதை வைத்தே அன்றைய கதை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். என்னை எழுத்தாளரே என்றுதான் கூப்பிடுவார். அதில் பாராட்டு எதுவும் கிடையாது.

அவரிடம் துணி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. சீரியல் தொடங்குவதற்கு முன்னால் அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவார். மற்ற கம்பெனிகளில் வயது, படிப்பு, சொத்து, யாரோடு பகை என்றெல்லாம் எழுதுவார்கள். இவர் எழுதுவது ஐந்தே வரி. அந்த ஆள் எதையெல்லாம் செய்ய மாட்டார் என்பது மட்டும். மற்றதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்பார்.

கதைக்காக அந்த ஐந்தில் ஒன்றை மீற வேண்டி வந்தால் மீறலாம், தடையில்லை. ஆனால் அந்த வரியை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். யாரால் மீறப்பட்டதோ அவர் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். டைரக்டர் ஆனாலும் சரி, வசனகர்த்தா ஆனாலும் சரி. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கையெழுத்து வாங்குகிறாரே மனுஷர் என்று எங்கள் டைரக்டர் புலம்புவார், ஆனால் போட்டுவிடுவார்.

கன்னியம்மா அந்த சீரியலில் மீன் விற்கிறவள். கோவளம் பக்கத்துக் கடலோரக் குப்பம். புருஷன் வேலாயுதம் படகுக்காரன். அவர்களுடைய மூத்த மகன் மாடம்பாக்கத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான், அங்கிருந்து கதை. அவள் பக்கத்தில் தேவராஜன் சார் எழுதியிருந்த ஐந்து வரி எனக்கு இன்றும் மனப்பாடம். யார் முன்னாலும் அழ மாட்டாள். எழுதப் படிக்க மாட்டாள், அதற்காக வெட்கப்படவும் மாட்டாள். குழந்தை தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாள். கெட்டுப்போன மீனை நல்ல மீன் என்று விற்க மாட்டாள். ஐந்தாவதாக, தன் கையால் போடுகிற சோற்றில் வஞ்சனை செய்ய மாட்டாள்.

அந்த வேடத்தில் நடித்தவர் வேதவல்லி. பெருங்களத்தூரில் குடியிருந்தார், ஆனால் பிறந்தது நிஜமாகவே கடலோரக் குப்பத்தில். அவருடைய அம்மா முப்பது வருடம் தாம்பரத்துத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றவர். நான் என்னுடைய கீழ்க்கட்டளைத் தமிழில் எழுதிக் கொடுப்பேன், வேதாம்மா அதை ஒருமுறை வாய்க்குள் போட்டு மென்றுவிட்டுத் தன் அம்மாவின் தமிழில் திருப்பித் தருவார். நான் "நேற்றைய மீன், வேண்டாம்" என்று எழுதியிருந்தால் அவர் "இது நேத்து மீனும்மா, நீ வாங்காத, ஒனக்கு நாளிக்கு நான் தரேன்" என்பார். முதல் பாகம் ஓடியதற்கு என் வசனம் காரணம் என்று பேட்டிகளில் சொல்லிக்கொண்டேன். உண்மை அந்த வாய்தான்.

முதல் பாகத்தின் கடைசியில் வேலாயுதம் இறந்துபோவான். கரையில் கிடக்கும் படகில் அவன் பெயர் எழுதியிருக்கும். கன்னியம்மா அழாமல் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து நடப்பாள். அதோடு முதல் பாகம் முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நன்றாக ஓடுகிற பஸ்ஸை யாராவது டெப்போவில் விடுவார்களா?

இரண்டாம் பாகத்தில் கன்னியம்மா மீன் கூடையோடு மாடம்பாக்கத்து மருமகள் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். ஆரம்பித்து ஒரு மாதத்தில் முதல் வரி போயிற்று. வெள்ளிக்கிழமை எபிசோடுக்கு ஒரு அழுகை வேண்டும் என்றார்கள், வேறு யாரும் அன்று ஷெட்யூலில் இல்லை, கன்னியம்மா அழுதாள். அதற்குத் தேவராஜன் சாரே கோடு போட்டுத் தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வெந்நீர் மூன்று முறை நிரப்பப்பட்டது.

இரண்டாவது வரி என்னுடையது. தேவராஜன் சாருக்குக் கண்புரை ஆபரேஷன், இரண்டு நாள் வரவில்லை. மாடம்பாக்கத்தில் நாங்கள் ஷூட்டிங்குக்கு எடுத்திருந்த பெரிய வீட்டில் அன்று மதியம் வரைதான் அனுமதி, வீட்டுக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். இறந்துபோன வேலாயுதம் எழுதி வைத்த ஒரு பத்திரம் பெட்டியிலிருந்து கிடைக்க வேண்டும். தன் பெயரில் இருந்த ஒரு மனையை அவன் மூத்த மருமகள் பெயருக்கு எழுதியிருக்கிறான், மகன் குடிகாரன் என்பதால். பத்திரத்தைக் கண்டெடுத்துப் படிக்க வேண்டியது மகன். மகனாக நடித்தவரோ தன் பெண்ணுக்குக் காது குத்து என்று ஊருக்குப் போய்விட்டார்.

காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மாற்றி எழுதினேன். கன்னியம்மா பெட்டியைத் திறக்கிறாள், பத்திரத்தைப் படிக்கிறாள், திடுக்கிடுகிறாள், புடவையில் செருகிக்கொள்கிறாள். பின்னணியில் அவள் மனசுக்குள் பேசுகிற குரல்: மனையை மருமகள் பேரில் எழுதிட்டாரா? பிரமாதமாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு.

வேதாம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "சார், அவளுக்குப் படிக்கத் தெரியாதே."

இரண்டாம் பாகத்தில் இரண்டு வருடம் கழித்துத்தானே கதை தொடங்குகிறது, நடுவில் கற்றுக்கொண்டிருப்பாள் என்றேன்.

"யாரு கத்துக் குடுத்தா?"

டைரக்டர் ஷாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார். யார் பார்க்கப் போகிறார்கள் வேதாம்மா என்று சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் எழுதிய மட்டமான வசனம் எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. அவர் பேப்பரை மடித்துக்கொண்டார். பிறகு, காயிதத்தைப் பார்க்கிறேன், ஆனால் அந்த மனசுக் குரலை மட்டும் பேச மாட்டேன், அதை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். டைரக்டர் நேரமில்லாமல் குரலுக்குப் பதில் இசை போட்டு ஒப்பேற்றிவிட்டார்.

தேவராஜன் சார் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். நோட்டைப் பிரித்தார், ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "கோடு போடுங்க எழுத்தாளரே. கையெழுத்தும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் யாரும் எதுவும் யோசிக்கத் தேவைப்படவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியும் என்றால் பத்திரத்தில் இருப்பது தெரியும். தெரிந்தும் மறைத்தாள் என்றால் பேராசைக்காரி. பேராசைக்காரி என்றால் பொய் சொல்லித்தானே ஆக வேண்டும்? பெட்டியில் ஏதோ காயிதம் இருந்ததாமே என்று மருமகள் கேட்கிறபோது பேத்தி தலையில் கை வைத்து, "அந்தக் காயிதத்துல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்தாள். மூன்றாவது வரி, அதுவும் என் கையெழுத்து. அவ்வளவு பொய் சொல்கிறவள் மீனில் மட்டும் யோக்கியமாக இருப்பாளா என்று இன்னொரு வசன உதவியாளர் நாலாவது வரியை அடித்தார். நிவேதா, கவனி. கன்னியம்மாவைக் கெடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் கூட நினைக்கவில்லை. ஒவ்வொரு காலையிலும் அன்றைய சிக்கலுக்கு எது வசதியோ அதை எழுதினோம். வசதி என்பது இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது கதைக் கூட்டம் நடந்தது. சேனல் சார்பில் எங்கள் சீரியலைப் பார்த்துக்கொண்டவர் பிரவீன் என்ற இளைஞர். நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவர். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கன்னியம்மா இப்போ நெகட்டிவ்ல நல்லா போய்ட்டிருக்காங்க சார், அடுத்த லெவலுக்கு எடுத்துட்டுப் போகலாம் என்றார். மருமகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மனை அவள் பிள்ளைகளுக்குப் போய்விடக் கூடாது என்று கன்னியம்மா பாலில் எதையோ கலந்து கொடுக்க வேண்டும். பொங்கல் ஸ்பெஷல் எபிசோடு.

கூட்டம் முடிந்ததும் தேவராஜன் சார் நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். நான்கு சிவப்புக் கோடுகள், அதில் இரண்டு என் கையெழுத்து. கடைசி வரி மட்டும் சுத்தமாக இருந்தது. எழுதப் போவது நான் என்பதால் அடிக்க வேண்டியதும் நான். பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. நாளைக்கு மறுநாள்தானே ஷூட்டிங், அதற்குள் போட்டால் போதும் என்றார் அவர். அவராலும் என்னைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வேதாம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எங்க குப்பத்துல ஏழரை மணியானா அல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பாக்கறாங்க சார். நம்ம கன்னியம்மான்றாங்க. எங்கம்மாவ பாத்த மாதிரியே கீதுன்றாங்க. நாளிக்கு நான் ஊருக்குப் போனா எனக்கு தட்டு போட்டு சோறு வெப்பாங்க. பாலுல மருந்து கலந்த கையோட நான் எப்டி சார் அத்த சாப்புடறது?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். நீங்கள் போனால் திரையில், இனி கன்னியம்மாவாக இவர் என்று ஒரு அறிவிப்பு வரும், வேறொரு நடிகை பால் கலப்பார். கன்னியம்மாவைக் கொன்றுவிட்டாலும் பிரயோஜனமில்லை, எங்கள் தொழிலில் செத்தவர்கள்தான் முதலில் திரும்பி வருவார்கள். "அப்ப அவளுக்கு வழியே இல்லியா சார்?" என்று கேட்டார். தன்னைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, எங்கே சறுக்கினோம் என்று பார்க்க அந்தப் பத்திரக் காட்சியைப் போனில் போட்டேன். ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்றுதான். இசை காதைப் பிளந்தது, சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. படிக்கிறவர்களின் கண் இடமிருந்து வலமாக ஓடும், வரி முடிந்ததும் திரும்பி வரும். வேதாம்மாவின் கண் ஓடவே இல்லை. தாளின் கீழ்ப்பக்கம் ஒரே இடத்தில் நின்றது. விரலும் அங்கேயே இருந்தது. பிறகு முகம் மாறியது.

மறுபடி போட்டேன். இன்னும் ஒருமுறை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். பிறகு வேதாம்மாவுக்கு போன் செய்து, அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அவ படிக்கல சார்," என்றார். "எங்கம்மா காயிதத்த எப்டி பாப்பாங்களோ அப்டிதான் பாத்தேன். அவளுக்கு ஒரே ஒரு எழுத்து தெரியும், படகுல எழுதியிருந்த அவ புருசன் பேரு. அது கீழ இருந்துச்சு. அத்த மட்டும் பாத்தா, எடுத்து வெச்சிகினா. நீங்க அப்பறம் எழுதினதெல்லாம் நான் பேசினேன், இன்னா பண்றது? ஆனா அன்னிக்கு அவ படிக்கல."

பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேருக்கு நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. நான் நாற்காலியில் உட்கார்ந்து தூக்கியெறிந்ததை அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றால் பத்திரத்தில் இருப்பது தெரியாது. தெரியாது என்றால் மறைத்தது பேராசையில் அல்ல. பேத்தி தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் பொய்யே அல்ல, அட்சர சுத்தமான உண்மை. இத்தனை நாள் எனக்குத்தான் அது தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் ஒரு காட்சி எழுதினேன். காலையில் தேவராஜன் சாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். இத்தனை நாள் அந்தக் காயிதத்தை எங்கே வைத்திருந்தாள் என்று கேட்டார். அரிசி டிரம்முக்குள் என்றேன். ஏன் அரிசி என்றார். தினம் அவள் கை போகிற இடம் அதுதான் என்றேன். ஒரு வாய் வெந்நீர் குடிக்கப் போனவர், மூடியைத் திரும்ப மூடிவிட்டார். ஆனால் சேனலுக்குத் தெரியாமல் ஒரு சீன் கூட எடுக்கக் கூடாது, பிரவீனைக் கூப்பிடுங்கள், வார்த்தை விடாமல் படித்துக் காட்டுங்கள் என்றார்.

பொங்கல் விடுமுறைக்கு ஊரே கிளம்புகிற நாள். பிரவீன் பெருங்களத்தூரில் புதிதாக வந்த அடுக்குமாடியில் குடியிருந்தார், வீட்டிலிருந்து ஷூட்டிங்குக்குக் கிளம்பி ஜிஎஸ்டி ரோட்டில் ஏறியதும் மாட்டிக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் நூறடி நகர்ந்திருக்கிறேன் சார், படிங்க, எனக்கு வேறு வேலையில்லை என்றார். பஸ் ஹாரன்களுக்கு நடுவில் நான் படித்தேன்.

அரிசி அளக்கப் போன மருமகள் பத்திரத்தைக் கண்டெடுக்கிறாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதானே ஒளித்து வைத்தீர்கள் என்று மாமியாரைக் கேட்கிறாள். கன்னியம்மா சொல்கிறாள்: "எனக்கு ஏதும்மா படிப்பு? இந்தா, இந்த எடத்துல ஒன் மாமனாரு பேரு கீது. படகுல இருந்த பேரு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். படகும் போச்சு. அவுரு பேரு போட்ட காயிதம் ஒண்ணாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்னு வெச்சிகினேன்." மருமகள் பத்திரத்தை உரக்கப் படிக்கிறாள். மனை அவள் பெயரில் என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிகிறது. கன்னியம்மா பத்திரத்தை அவள் பக்கமே நகர்த்துகிறாள். "நல்லதுதான் பண்ணிகீறாரு. நெலத்த நீ எடுத்துக்கோ. ஒன் வேலையெல்லாம் முடிஞ்சதும் இந்தக் காயிதத்த மட்டும் எங்கிட்டயே குடுத்துடு."

படித்து முடித்த பிறகு ஹாரன் சத்தம் மட்டும்தான் கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப பால் யார் சார் கலக்குறது?" என்றார் பிரவீன்.

சித்தி கலக்கட்டும், நோட்டில் அவருடைய பக்கத்தில் அடிக்க வரி எதுவும் மீதியில்லை என்றேன். சிரித்துவிட்டார். எடுங்கள் சார், மேலே நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பிறகு, அவங்க படிக்கலைங்கறதை நீங்க அப்பவே யோசிச்சு வெச்சிருந்தீங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நான் யோசிக்கவில்லை, வேதவல்லி யோசித்தார் என்று சொன்னேன். அந்த ஒரு உண்மையையாவது சரியான நேரத்தில் சொன்னேனே என்று இன்றும் திருப்தி.

படப்பிடிப்பு தொடங்கும் முன் வேதாம்மாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் காட்சி வந்துவிட்டால் கன்னியம்மாவுக்குப் பகையும் இல்லை, ரகசியமும் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு சீரியலில் வேலை இருக்காது, உங்களுக்கும் இருக்காது என்றேன். "தெரியும் சார். அவ தப்பிச்சிகினா போதும், நான் எப்டியும் பொழச்சிப்பேன்" என்றார்.

ஒரே டேக்கில் முடிந்தது. காயிதத்தை மட்டும் கொடுத்துடு என்கிறபோது மருமகளாக நடித்த பெண் பேப்பரில் இல்லாதபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கட் சொல்ல டைரக்டர் மறந்துவிட்டார். எந்நேரமும் எங்கள் ஆட்கள் சோபாவைக் கீறிவிடுவார்களோ என்று மாடிப்படியில் நின்று காவல் காக்கிற வீட்டுக்கார அம்மாள், அன்று சோபாவைப் பார்க்கவில்லை. கன்னியம்மா அழவில்லை.

அடுத்த கதைக் கூட்டத்தில் பிரவீன் வழக்கம்போல ஒவ்வொருவருக்கும் இனி என்ன கதை, என்ன ட்ராக் என்று கேட்டுக்கொண்டே வந்து, கன்னியம்மாவுக்கு என்றார். அவளிடம் பிடித்து இழுக்க ஒரு நூல் கூட மிச்சமில்லை. ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார் தேவராஜன் சார். எதில் போவாள் என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு கேளம்பாக்கம் வழியாகத் திரும்புகிற லோடு ஆட்டோவில், அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு போனாள். அதுதான் அவளுடைய கடைசிக் காட்சி.

அன்று தேவராஜன் சார் நோட்டை எடுத்துக்கொண்டு ஷூட்டிங் வீட்டுக்கே வந்தார். சிவப்புக் கோடுகளுக்குக் கீழே கறுப்பு மையில் இரண்டு வரியைத் திரும்ப எழுதினார். படிக்க மாட்டாள். பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாள். அழுகைக்கும் மீனுக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவை அடிபட்டபடியே இருக்கின்றன. நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். அவர் பேனாவை வேதாம்மாவிடம் கொடுத்தார். வேதாம்மா நிதானமாகத் தமிழில் தன் பெயரை முழுசாக எழுதினார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவருக்கு வேலை வரவில்லை. அந்த நான்கு மாதமும் எனக்கு நெஞ்சில் முள்தான். பிறகு வேறொரு சீரியலில் லேடீஸ் ஹாஸ்டல் வார்டனாகக் கூப்பிட்டார்கள், இன்றுவரை வார்டனாக எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் சீரியல் இன்னும் ஒரு வருடம் ஓடியது. சித்தி பால் கலந்தார், அப்புறம் தீயில் போனார். தேவராஜன் சார் ஓய்வு பெற்றபோது நோட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

நிவேதா போனை வைத்ததும் அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். கன்னியம்மா பக்கத்தைப் பிரித்தேன். ஐந்தாவது வரி அப்படியே இருந்தது, மேலே கோடும் இல்லை, பக்கத்தில் என் பெயரும் இல்லை. வேதாம்மாவைக் கூப்பிட்டு, மூன்றாம் பாகம் வருகிறது, செத்தவர்கள் எல்லாரும் திரும்பி வருகிறார்கள், கன்னியம்மா மட்டும் வரவில்லை, காரணம் கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரிடமோ ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு போனுக்குத் திரும்பினார்.

"அவ இன்னாத்துக்கு சார் வரப்போறா," என்றார் வேதாம்மா. "அவ வூட்ல நல்லா கீறா."